நடுவுல வெச்ச பொட்டு

மேல வைக்க வேண்டாமுங்க தம்பி. மேல வெச்சா குண்டடம் ரோட்டுல இவன் தூக்கிப் போடற போடுல கீழ வந்துரும். என்ற மடியிலயே இருக்கட்டும். நீங்க சன்னலோரம் போயிருங்க, நான் இந்தப் பக்கம் காலை நீட்டிக்கறேன். இடைஞ்சல் இல்லீங்களே?

முறுக்குங்களா? கண்டக்டரும் அதைத்தான் கேட்டாரு. டப்பா என்னமோ முறுக்கு டப்பாதானுங்க. தீவாளிக்குத் தீவாளி முறுக்கு சுட்டு இதுல போட்டு வைப்பா எங்க ஊட்டுல. இப்ப உள்ள இருக்கறது கண்ணாடி. மூஞ்சி பாக்கற கண்ணாடி இல்லைங்க, நட்சத்திரம் பாக்கற கண்ணாடி. டெலஸ்கோப்புன்னு சொல்றமுங்களே, அதுக்கு அடியில படுத்துட்டு இருக்கற கண்ணாடி இதுதான். குழாய், காலு, கட்டை எல்லாம் அப்பறம். இது இல்லீன்னா அது வெறும் தகரம்.

மூடிக்கு வெளிய தெரியற சேலைங்களா? அது பழசு. மெத்துனு இருக்குதேன்னு சுத்தியிருக்கறேன். வேற ஒண்ணுமில்லை.

நான் ஈ.பி.யில இருந்தேன். ஊடூடாப் போய் மீட்டர் பாக்கற வேலை. ரிட்டையர் ஆயாச்சு. தாராபுரத்துல வந்து நாச்சிமுத்துன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. நிலாக் காட்டற ஈ.பி.காரர்னு கேளுங்க, கையைப் புடிச்சுக் கூட்டியாந்து வாசல்ல உட்டுட்டுப் போவாங்க.

இந்தக் கிறுக்கு எப்ப ஏறுச்சுன்னா, எண்பத்தாறுல ஒரு வால்நட்சத்திரம் வந்துதுங்க. நீங்க பொறந்தே இருக்க மாட்டீங்க. பேப்பர்லயெல்லாம் பெரிசாப் போட்டான். நானும் ரெண்டு சேக்காளிகளும் வெடியக்காலம் அமராவதி ஆத்து மணல்ல போய் உக்காந்து கழுத்து வலிக்க அண்ணாந்து பாத்தோம். ஒண்ணையும் காணோம். ஒரு பைனாகுலர் இல்லை எங்ககிட்ட. பைனாகுலர்ங்கறதை ஒருத்தனும் கண்ணால பாத்ததில்லை. அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போகுது, நம்ம தலைக்கு மேலதான் போகுது, பாக்க வழியில்லை. எத்தனை கேவலம் பாருங்க. அன்னைக்கு எனக்கு அப்படி ஒரு ரோசம் வந்துச்சு.

வெள்ளைக்காரன் ஊருல கடைக்குப் போவான், வாங்குவான், மொட்டை மாடியில வெச்சுப் பாப்பான். நமக்குக் கடை ஏது? நாமளே செஞ்சாத்தான் உண்டு. அப்பறம் ஒரு வாத்தியார் மெட்ராஸ்ல இருந்து வந்து ஒரு முகாம் போட்டாரு. கண்ணாடியைக் கையிலயே தேய்க்கலாம்னாரு. அப்படித்தான் எங்க மன்றம் ஆரம்பிச்சுது. பழைய கப்பலை ஒடைக்கறாங்களே, அங்கிருந்து வர்ற சன்னல் கண்ணாடி, நல்ல கனம், அதை வாங்கியாந்து ஆயில் டிரம்மு மேல வெச்சுத் தேய்ப்போம். கண்ணு வெச்சுப் பாக்கற எடத்துக்குப் பழைய பைனாகுலர் லென்சு. குழாய்க்கு போர்வெல் பைப்பு. இப்பப் பாருங்க, உடுமலையில மன்றம், பொள்ளாச்சியில மன்றம், கரூர்ல ரெண்டு மன்றம், ரெண்டுக்கும் சண்டை. சண்டை போடற அளவுக்கு வளந்துட்டமுன்னா பாத்துக்குங்க! இந்தக் காலத்துப் பசங்க போன்ல ஒரு பட்டனை அமுக்குனா டெலஸ்கோப்பு தானாத் திரும்பி சனியைக் காட்டுது. நல்லதுதான். நான் கொறை சொல்லலை.

நாங்க மாசாமாசம் ஊருக்குள்ள காட்டுவோம். லைன்மேன் நம்ம ஆளு. பொழுதோட ஏழு மணிக்கு அந்த ஒரு தெரு லைட்டை மட்டும் அணைச்சு உட்டுருவான். சந்தைக்கு வந்தவன், ஸ்கூல் புள்ளைங்க, கோயிலுக்குப் போறவங்கன்னு வரிசை கட்டி நிப்பாங்க. மயிலாத்தா, என்ற சம்சாரமுங்க, அவளும் வருவா. அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க. சும்மா வருவா. வர்ற பொம்பளைகளை ஒழுங்கா வரிசையில நிக்க வைப்பா. சின்னதுங்களுக்கு எட்டாதேன்னு ஊட்டுல இருந்து ஸ்டூலைத் தூக்கிட்டு வருவா. "கொழாயைப் புடிக்காத சாமி, கையைப் பின்னால கட்டிக்கோ, ஒத்தக் கண்ணுல பாரு"ம்பா. இதையேதான் ஒவ்வொரு புள்ளைகிட்டயும் சொல்லுவா. ஆளு தொட்டா ஆடிருமுங்களே, படம் போயிருமே. அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அந்த ஒரு பாட்டு மட்டும் மனப்பாடம். மத்தபடி ஒண்ணும் தெரியாது.

அவ பாத்தாளான்னா கேக்கறீங்க? பாத்திருப்பா. எல்லாரையும் உட்டுட்டு கடைசியிலதான் வந்து நிப்பா. அதுக்குள்ள சிலசமயம் வானத்தை மோடம் வந்து மூடீரும். சிலசமயம் நான் கழட்ட ஆரம்பிச்சிருப்பேன். "சரி உடுங்க, அடுத்த மாசம் பாத்துக்கறேன்"ம்பா. இத்தனை வருசத்துல ஒருக்காவாச்சும் பாத்திருப்பாளுங்க. பாக்காமயா இருந்திருப்பா.

இந்தக் கண்ணாடி கதைக்கு வர்றேன். இது நான் தேய்ச்சதுலயே பெரிசு. ரிட்டையர் ஆன பணத்துல புள்ளைக்குக் கல்யாணம் பண்ணி அனுப்பிட்டு, இனி நமக்குன்னு ஒண்ணு செய்வோம்னு உக்காந்தது. ரெண்டு கண்ணாடியை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, நடுவுல எமரிப் பொடியும் தண்ணியும் உட்டுத் தேய்க்கோணும். டிரம்மைச் சுத்திச் சுத்தி வரோணும், செக்கு மாடாட்டம். மேல இருக்கறது குழியும், கீழ இருக்கறது மேடாகும். மொதல்ல பெரும்பொடி, போகப் போகச் சன்னம். சன்னத்துக்கு வந்துட்டமுன்னா ஒரு தூசி இருக்கப்படாது ஊட்டுல. ஒரே ஒரு கல்லுப்பொடி பறந்து வந்து நடுவுல மாட்டுச்சுன்னா போச்சு, குறுக்க ஒரு கீறல், பட்ட பாடெல்லாம் வீண்.

கோலப்பொடி கல்லுப் பொடிதானுங்களே? போன மார்கழி, மாசம் முச்சூடும் எங்க வாசல்ல கோலம் இல்லை. வேண்டாம்னேன், சரின்னுட்டா. மார்கழியில வாசல் மொட்டையாக் கெடந்தா சனம் என்ன நினைக்கும்? எதுத்த ஊட்டம்மா வந்து, "ஏனுங்க்கா, யாராச்சும் தவறிட்டாங்களா?"ன்னு மெதுவாக் கேட்டாங்களாம். "அட அதெல்லாமில்லை, அவரு கண்ணாடி தேய்க்கறாரு"ன்னு இவ சிரிச்சிருக்கறா. கூட்டறதுகூட ஈரத்துணி போட்டுத்தான். பொறவு தாரும் குங்கிலியமும் காச்சி ஊத்தோணும், மெருகு ஏத்தறதுக்கு. பால் காச்சற குண்டாவுல காச்சிட்டேன். அது அதோட எதுக்கும் ஆகலை. அவ தூக்கி அக்கட்டால வெச்சுட்டா. நெம்ப பொறுமைங்க. அதைச் சொல்லோணும்.

இந்த மார்கழியும் கோலம் இல்லைங்க எங்க வாசல்ல. அது வேற.

தேய்ச்சு முடிச்சா வெறும் கண்ணாடிதான், ஒண்ணும் தெரியாது. மேல அலுமினியப் பூச்சுப் பூசோணும். ஸ்கூட்டர் ஹெட்லைட்டுக்கு உள்ள மினுமினுன்னு இருக்குமுங்களே, அந்தப் பூச்சு பூசற பட்டறை ஒண்ணு சிங்காநல்லூர்ப் பக்கம் இருக்குது. நம்மளுக்கும் பூசிக் குடுப்பாங்க. ஊட்டுக் கண்ணாடியில பூச்சு பின்னாடி இருக்கும், முன்னாடி எத்தனை தொடைச்சாலும் கெடாது. இதுல பூச்சு முன்னாடி. விரல் படப்படாது. பட்டா அந்த எடம் அப்படியே அரிச்சுப் போயிரும்.

மயிலாத்தாகிட்டச் சொன்னனா? தொடாதேன்னு சொல்லியிருப்பேன். ஏன் எதுக்குன்னு வெளக்கலை. வெளக்குனா அவளுக்கு என்ன புரியப் போகுது?

போன ஆயுத பூசை நோம்பி. அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க ஊரு காலேஜ் கிரவுண்டுல எல்லா மன்றமும் கூடறதா ஏற்பாடு. பக்கத்து ஜில்லாவுல இருந்தெல்லாம் வர்றாங்க. கையில தேய்ச்ச பெரிய கண்ணாடியில சனி காட்டப் போறான் நாச்சிமுத்துன்னு குரூப்புல எல்லாம் போட்டாச்சு. நான் அது விசயமா நோம்பியன்னைக்கு உடுமலைக்குக் கெளம்பிட்டேன். "நான் வர நேரமாகும், எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுரு"ன்னு சொல்லீட்டுத்தான் போனேன்.

திரும்பி வர்றேன். அருவாமணை, கிரைண்டர், தையல் மிசின், என்ற பழைய கட்டிங் பிளேயர், டெஸ்டர், டி.வி.எஸ். வண்டி எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். சாமி படத்துக்கு முன்னால மணையைப் போட்டு, மணை மேல வாழையிலை போட்டு, அதும் மேல இந்தக் கண்ணாடி. நட்டநடுவுல சந்தனத்தை மோதிர விரல்ல தொட்டு வெச்சு, அதும் மேல குங்குமம். பக்கத்துல பொரி, கடலை, ஒரு ஆப்பிள் பழம்.

"ஏனுங், உங்களுக்கு ஆயுதம்னா இனி இதுதானுங்களே"ங்கறா. மொகமெல்லாம் சிரிப்பு.

நான் "போச்சு"ன்னேன். அவ்வளவுதான். அவ மூஞ்சி சுண்டிப் போச்சு. முந்தானையில தொடைக்க வந்தா. "தொடாத"ன்னேன். அது ரெண்டு வார்த்தை. அதுக்கு மேல ஒரு வார்த்தை நான் பேசலைங்க.

நீங்களே சொல்லுங்க தம்பி. வேற ஆம்பளையா இருந்தா என்ன பண்ணியிருப்பான்? மணையோட தூக்கி வாசல்ல வீசியிருப்பான். கை நீட்டியிருப்பான். நான் சத்தம் போட்டனா? ஏன்டி இப்படிப் பண்ணுனேன்னு ஒரு கேள்வி கேட்டனா? இல்லை. வாயே தொறக்கலை. சோறு போட்டா உண்டேன். காப்பி வெச்சா குடிச்சேன். "கோவமுங்களா?"ன்னு கேப்பா. நான் பேப்பர் படிப்பேன். "நான் தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க, என்னைய ரெண்டு அடி வேணும்னாலும் அடிச்சுப்போடுங்க, பேசாம மட்டும் இருக்காதீங்க"ன்னா ஒருநாள். நான் அடிக்கறவன் இல்லைங்க. அந்தப் பழக்கமே கெடையாது எனக்கு.

ஞாயித்துக்கெழமைங்களா? நடந்துது. நல்லா நடந்துது. இந்தக் கண்ணாடியைத்தான் மாட்டுனேன், பொட்டோடயே. சனி அப்படித் தெரிஞ்சுது. வளையம், வளையத்துக்கு நடுவுல கறுப்பா ஒரு கோடு, பக்கத்துல ஒரு துணைக்கோளு. கரூர்க்காரங்க ரெண்டு கோஷ்டியும் சண்டையை மறந்துட்டு வந்து கையைப் புடிச்சுக் குலுக்குனாங்க.

அதெப்படீன்னு கேக்கறீங்க, நியாயந்தான். வெளிச்சம் மேல இருந்து வந்து இந்தக் கண்ணாடியில பட்டுத் திரும்புது. திரும்பிப் போற வெளிச்சத்தைப் பக்கவாட்டுல திருப்பி உடறதுக்கு குழாய் வாய்க்கு நடுவுல ஒரு சின்னக் கண்ணாடி சாய்வாத் தொங்கும். அதோட நெழல் இங்க நட்டநடுவுல உழுகும். அதனால நடுவுல என்ன இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. சொல்லப் போனா நாங்களே நடுவுல ஒரு பொட்டு ஒட்டுவோம், கண்ணாடி நேரா இருக்குதான்னு அடையாளம் பாக்கறதுக்கு. அவ வெச்சிருந்தது ரெண்டு பக்கமும் அளந்து வெச்சாப்பல அதே எடம். ஒரு நூலு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இல்லை. நெத்தியில வெச்சு வெச்சுப் பழக்கமுங்களே.

தெரியுமுங்க எனக்கு. பாத்த அன்னைக்கே தெரியும். மணையில பாத்தப்பவே இது நெழலுக்குள்ளதான் இருக்குதுன்னு மனசுக்குள்ள கணக்கு ஓடிருச்சு. ஆனாலும் புதுப் பூச்சு, ஆசை ஆசையாப் பூசுனது, அதுல கறை. அது ஒரு மாதிரிதானுங்களே?

அன்னைக்கு மயிலாத்தா கிரவுண்டுக்கு வரலை. அவ வராத மொதத் தடவை. ஸ்டூல் இல்லாம சின்னதுங்களை நாங்களே மாத்தி மாத்தித் தூக்கிக் காட்டுனோம். ஊட்டுக்குத் திரும்பறப்ப வாசல்ல நின்னுட்டிருந்தா. "ஏனுங், தெரிஞ்சுதுங்களா?"ன்னா.

அலுப்புங்க. காலையில இருந்து நின்ன அலுப்பு. செருப்பைக் கழட்டிட்டு உள்ள போய் படுத்துட்டேன். அவ தெரியலைன்னு எடுத்துக்கிட்டா போல.

கார்த்திகையில காச்சல் வந்துது அவளுக்கு. சாதாக் காச்சல்னுதான் இருந்தோம். நெஞ்சுல சளி கட்டி மூச்சு முட்டுச்சு. ஆஸ்பத்திரியில சேத்தேன். அதுலயெல்லாம் நான் கொறை வெக்கலை. டாக்டர்கிட்ட நான்தான் பேசுனேன், மருந்துக்கு நான்தான் அலைஞ்சேன், பிளாஸ்க்குல வெந்நி நான்தான் கொண்டாந்தேன். அவ என்னையப் பாத்துட்டே படுத்திருப்பா. நான் டிரிப்ஸ் பாட்டிலைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். பேசோணும்னுதான் இருந்தேன். அத்தனை நாள் பேசாம இருந்துட்டு திடீர்னு என்னன்னு ஆரம்பிக்கறது? ஊட்டுக்கு வரட்டும், ஒரு நாள் பொழுதோட மாடிக்குக் கூட்டிட்டுப் போய் காட்டீர்லாம்னு இருந்தேன். வரலைங்க ஊட்டுக்கு.

அழுகையெல்லாம் வரலை எனக்கு. இன்னைக்கு வரைக்கும் வரலை. மரத்துப் போன காலுல நடக்கறாப்பல நடந்துட்டு இருக்கறேன். சோறு பொங்கிக்கறேன், துணி தொவைச்சுக்கறேன், குரூப்புல யாராச்சும் சந்தேகம் கேட்டாப் பதில் போடறேன்.

என்ற மனசுல இருக்கற கொறை அதில்லைங்க. என்ற மக. ரோகிணின்னு பேரு. நட்சத்திரப் பேருதான், நான் வெச்சது. கரூர்ல கட்டிக் குடுத்திருக்கறேன். காரியமெல்லாம் முடிஞ்சு ஒறம்பரைச் சனமெல்லாம் போன பொறவு அவ வந்து, "அம்மா கடைசியா எங்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? அப்பாவோட கண்ணாடியை நான் கெடுத்துப்போட்டேன் சாமி, நீ எப்படியாச்சும் அப்பாவுக்கு வேற ஒண்ணு வாங்கிக் குடுத்துருன்னு சொன்னாங்க. அது நெசமாலுமே கெட்டுப் போச்சாப்பா?"ன்னா.

"இல்லை சாமி, கெடலை, நல்லாத்தான் தெரியுது"ன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன்?

"அம்மாகிட்ட இதைச் சொன்னீங்களா?"ன்னா.

நான் மேல பேன் சுத்தறதைப் பாத்தேன். அதோட எந்திரிச்சுப் போய் பையைக் கட்டுனவதான். இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. போன் போட்டா எடுக்கறதில்லை. பேரன் பேச வந்தாக்கூட வாங்கி வெச்சர்றாளாம், மாப்பிள்ளை சொன்னாரு. இது என்ன நியாயமுங்க? பெத்த அப்பன். தப்புன்னா சண்டை போடட்டும், வாய்க்கு வந்தபடி திட்டட்டும், நான் கேட்டுக்கறேன். ஒண்ணும் சொல்லாம வாயை இறுக்கி மூடிக்கிட்டா எதுக்க இருக்கற மனுசன் என்னன்னு நினைக்கறது? உள்ளுக்குள்ள எத்தனை அரிக்கும்? இது எங்கிருந்து கத்துக்கிட்டான்னே தெரியலை. மயிலாத்தா அப்படிப்பட்டவ இல்லைங்க.

இன்னைக்கு எதுக்குக் கோயமுத்தூர் போனேன்னா, இதுக்குப் புதுசாப் பூச்சுப் பூசறதுக்குத்தான். மன்றத்துல பசங்க சொன்னாங்க, "அண்ணா, கறையோட எதுக்கு வெச்சிருக்கறீங்க, கொண்டுபோய் மாத்தீட்டு வந்துருங்க"ன்னு. சரின்னு போனேன். பட்டறைக்காரர் டப்பாவைத் தொறந்து சேலையைப் பிரிச்சுப் பாத்தாரு. சந்தனம் குங்குமமெல்லாம் எப்பவோ உதுந்து போச்சுங்க. அது இருந்த எடம் மட்டும் அரிச்சு, விரல் ரேகை அச்செடுத்தாப்பல நிக்குது. சுழி சுழியா. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தாத் தெரியும்.

"காஸ்டிக் சோடாவை ஊத்துனா பழசெல்லாம் ஒரு நிமிசத்துல போயிருமுங்க, அப்பறம் புதுசாப் பூசிரலாம்"னு பாட்டிலைக் கையில எடுத்துட்டாரு. ஊத்தட்டுங்களான்னு கேட்டாரு.

வேண்டாம்னு வாங்கிட்டு வந்துட்டேன். அங்க எடம் சுத்தமில்லைங்க. ஒரே தூசி. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்.

தம்பி, உங்க போன்ல பேலன்ஸ் இருக்குதுங்களா? ஒரு போன் போட்டுக் குடுக்கறீங்களா? என்ற நம்பர்னா எடுக்க மாட்டா, புது நம்பர்னா எடுப்பா. இந்தாங்க, இந்த நம்பருதான். எனக்குச் சரியாத் தெரியறதில்லை, நீங்களே பாத்து அடிங்க. இப்படிக் குடுங்க.

அடிக்குதுங்க. பாட்டுப் போட்டு வெச்சிருக்கறா.

எடுத்துட்டா.

...

இந்தாங்க தம்பி. வெச்சுட்டா.

இல்லைங்க, நான் பேசலை. "அலோ, யாருங்க, அலோ"ன்னு கேட்டா. கொரலு அப்படியே மயிலாத்தா.

என்னங்க, திருப்பிக் கூப்புடறாளா? அவதானுங்களா? நீங்களே எடுங்க. எடுத்து, அந்தக் கண்ணாடி ஒண்ணும் கெட்டுப் போகலை, பொட்டு சரியான எடத்துலதான் இருந்துதுன்னு சொல்லீருங்க.

இல்லை, இருங்க. எடுக்காதீங்க. அவளுக்குத் தெரியும். நான்தான் அன்னைக்கே சொல்லீட்டனே. தெரியாமப் போனவகிட்டத்தான் சொல்லோணும்.

நின்னுருச்சுங்களா? சரி, உடுங்க. அதோ, ஆத்துப் பாலம் வந்துருச்சு. நான் எறங்கோணும். கொஞ்சம் காலை ஒதுக்கிக்குங்க தம்பி. வேண்டாம், டப்பாவைப் புடிக்க வேண்டாம். நானே எடுத்துக்கறேன்.